நெவில் உட்கார்ந்து கேட்ட பாட்டுகள்

ஜெம்மா பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இதுல விசில் அடிக்கிறது யாரு?" என்று கேட்டாள்.

சோபாவில் உட்கார்ந்திருந்த ஹேசலும் கிளைவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் கையிலும் தேநீர். கிளைவ் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடியே இருந்ததால் அது ஊறி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது.

"விசிலா? இந்த வயசுல வாயில பல்லு நிக்கிறதே பெருசு. இதுல விசில் வேற அடிப்பாங்களா?" என்றான் கிளைவ்.

ஜெம்மா சிரித்தாள், ஆனால் விடவில்லை. அதே இடத்தை மறுபடி ஓட்டினாள். ஆல்பத்தின் இரண்டாவது பாட்டு. மெதுவாக, ஒரு ஆள் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே வந்து, மேல்படியில் சட்டென்று கதவு திறந்து வெளிச்சம் பாய்கிற மாதிரி ஒரு இடம் வரும். அந்த இடத்துக்காகவே ஹேசல் ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்திருந்தாள். இப்போதும் அது வந்தது, அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. கிளைவும் தலையை ஆட்டினான், இல்லை என்று.

ஜெம்மாவுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அவளுக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஆல்பம் வெளியே போவதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை காது கொடுத்துக் கேட்டு, கூடக் குறைய இருப்பதைச் சரிசெய்து அனுப்புவது அவள் வேலை. ஷெஃபீல்டில் கத்தி, கரண்டி செய்துகொண்டிருந்த ஒரு பழைய தொழிற்சாலையின் மேல்மாடியில் அவளுடைய ஸ்டூடியோ. அவள் பிறப்பதற்கு முன்பே பெயர் எடுத்துவிட்ட குழு இவர்களுடையது. அப்படிப்பட்டவர்களிடம் போய் உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். பாட்டு அங்கே வண்ண வண்ணமாக மலைத்தொடர் போலத் தெரிந்தது. மலைகளுக்கு மேலே, மிக உயரத்தில், தலைமுடி மாதிரி மெல்லிய ஒரு கோடு. கொஞ்ச தூரம் ஓடி நின்றது. பிறகு வேறொரு இடத்தில் மறுபடி இருந்தது.

"இதுதான். ரொம்ப உச்சத்துல இருக்கு. அதனால உங்களுக்கு ஒருவேளை..."

"கிழவன் கிழவின்னு நேராவே சொல்லு பொண்ணே. நாங்க கோவிச்சுக்க மாட்டோம்."

"நான் அப்படிச் சொல்லல கிளைவ்."

"நான் சொல்றேன். ஒன்றரை வருஷம் உருட்டி உருட்டி ஒரு ஆல்பம் பண்ணியிருக்கோம். நாங்க பதிவு பண்ணின இடத்துக்குள்ள அறுபது வயசுக்குக் கீழ ஒரு ஜீவன் வந்ததில்ல. லண்டன்ல இருக்கற கம்பெனிக்காரனுக்கும் ஒண்ணும் கேக்கல. கார்ல போட்டுக் கேட்டானாம், சந்தோஷம் தாங்காம வண்டிய ஓரங்கட்டிட்டானாம். அவனுக்கும் காது போயிடுச்சு, வேறென்ன."

ஆமாம், சந்தோஷமான ஆல்பம்தான். 'டின் வெதர்' குழு இத்தனை வருஷத்தில் இப்படி ஒன்று போட்டதில்லை என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இருபது வயதில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில், மழை பெய்தால் தங்கள் பாட்டே தங்களுக்குக் கேட்காமல் வாசித்த மூன்று பேர். ஹேசல், அவள் கட்டிக்கொண்ட நெவில், நெவிலோடு ஒரே பள்ளியில் படித்த கிளைவ். கிடாரும் கிடையாது, மேளமும் கிடையாது. எல்லாம் மின்சாரப் பெட்டிகள், குமிழ்கள், வயர்கள். அப்போது பத்திரிகைக்காரர்கள் இதைக் குளிர்ந்துபோன இசை, உயிரில்லாத இசை என்றெல்லாம் எழுதினார்கள். நெவிலுக்கு அதில் தீராத கோபம். பெட்டிக்கு உயிரில்லை என்றால் காற்றுக்குமா இல்லை என்று கேட்பான். அதனால்தான் மற்றவர்களைப் போல வயரிலிருந்து நேராகப் பதிவு செய்ய அவன் ஒருநாளும் சம்மதித்ததில்லை. வழிபாடு நின்றுபோன ஒரு பழைய சர்ச்சை வாடகைக்குப் பிடித்தார்கள். பெட்டிகளின் சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கர்கள் வழியாக அந்தக் கூடத்துக்குள் விட்டு, அது கல்லிலும் மரத்திலும் பட்டுத் திரும்புவதை மேலே தொங்குகிற மைக்குகளில் பிடித்தார்கள். கடைசிவரை அதே சர்ச், அதே முறை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மூன்று பேரில் ஒருவர் வாசிக்கமாட்டார். கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார். மற்ற இருவரும் அவருக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து நின்று வாசிப்பார்கள். கேட்கிறவர் முகத்தைப் பார்த்தால் வாசிக்கிறவருக்குப் புத்தி கெட்டுவிடும் என்பது நெவிலின் கட்சி. பாட்டு முடிந்து, கடைசிச் சத்தமும் அடங்கி, திரும்பிப் பார்க்கும்போது நாற்காலிக்காரர் எழுந்து நின்றிருந்தால் அந்தப் பாட்டு தேறியது. உட்கார்ந்தே இருந்தால் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. நாற்காலியில் இருக்கிறவர் மூச்சுக்கூட விடக் கூடாது. ஒருமுறை ஹேசல் நாற்காலியில் இருந்தபோது பசியில் வயிறு கடமுடா என்றது. அதற்காக ஒரு அருமையான பதிவை நெவில் தயங்காமல் அழித்தான். அவள் அழாத குறை. பிறகு அவனே மழையில் போய்ப் பொட்டலம் நிறைய சிப்ஸ் வாங்கி, மணக்க மணக்க வினிகர் ஊற்றிக் கொண்டுவந்து, "இந்தா, உன் வயித்துக்கு லஞ்சம். இனிமே வாயத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லிவை" என்றான்.

இந்தக் கடைசி ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் நாற்காலியில் நெவில்தான். நுரையீரல் நோய்க்குக் கொடுத்த மருந்தில் விரல் நுனிகள் மரத்துப்போய், குமிழைத் தொட்டால் தொட்டது தெரியாமல் போயிற்று. "ஒப்பாரி மட்டும் வைக்காதீங்க. அப்புறம் நான் பேயா வந்து வயரையெல்லாம் புடுங்கிருவேன். கேக்கறவன் எழுந்து நிக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டான். தொடக்கத்தில் எழுந்து நின்றான். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி மாதங்களில் எழ முடியவில்லை. அவர்கள் திரும்பிப் பார்க்கும்போது, போர்வைக்குள்ளிருந்து கட்டைவிரலைக் காட்டி, "எழுந்துட்டேன்னு வச்சுக்கங்க" என்பான்.

"ஃப்ரிட்ஜ் ஏதாவது ஓடிச்சா? பழைய டிவி?" என்று ஜெம்மா கேட்டாள்.

"அங்க குழாய்ல தண்ணி வந்தாலே அதிசயம். ஃப்ரிட்ஜுக்கு எங்க போறது?"

"அப்படி ஓடினா ஒரே சீரா வரும். இது வருது, போகுது. எல்லாப் பாட்டுலயும் இருக்கு." சற்று யோசித்தாள். "எங்கப்பா கிளப்ல டிரம்ஸ் வாசிச்சவரு. அவர் காது மிஷின் இப்படித்தான் கத்தும். காதுல சரியா உக்காரலைன்னா தாடை அசைஞ்சாப் போதும், கை பக்கத்துல போனாப் போதும், கீச்சுனு ஆரம்பிச்சிரும். அவருக்கு மட்டும் கேக்காது. நாங்கதான் கத்துவோம்."

சொல்லிவிட்டு, தான் எதைத் தொட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. காரணம், நெவில் காது மிஷின் வைத்திருந்தது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேரும் அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஹேசல் கோப்பையைக் கீழே வைத்தாள். கம்பளித் தொப்பி போட்ட நெவிலின் தலை அவள் கண்முன் வந்தது. கோடையிலும் அந்தத் தொப்பி. பேட்டி எடுக்க வருகிறவர்கள் அதை ஏதோ பாணி என்று எழுதினார்கள். காதை மறைக்கத்தான் போட்டான். காதை வைத்துப் பிழைத்த மனுஷனுக்குக் காது போனது எப்பேர்ப்பட்ட வெட்கம் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில்கூட யாராவது மணி அடித்தால் முதலில் தொப்பியைத் தேடுவான். கடைசி வருஷத்தில் உடம்பு வற்றி, கன்னம் ஒட்டி, காதுக்குள்ளே சதைகூட வற்றிப்போயிருக்கிறது. மிஷின் தொளதொளத்திருக்கிறது. நோய்க்காக ஓடிய ஓட்டத்தில் காதுக்கென்று ஒருநாள் ஓட யாருக்கும் தோன்றவில்லை. மிஷின் கத்தியிருக்கிறது, பாட்டுக்குப் பாட்டு, அந்தப் பெரிய கூடத்தில். மேலே மைக்குகள் கேட்டுக்கொண்டிருந்தன. கீழே இருந்த மூன்று பேருக்கும் கேட்கவில்லை.

"நெவிலோடது," என்றாள். "வெளிய சொல்லாதே ஜெம்மா."

ஜெம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளைவ் எழுந்து ஜன்னலோரம் போனான். கீழே டிராம் ஒன்று வளைவில் திரும்பி மேட்டில் ஏறியது. அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவன் சொன்னது அவன் பாணியில்தான் இருந்தது. "வயித்துச் சத்தத்துக்கு ஒரு பாட்ட அழிச்ச மகாராசன். இவனே வச்ச சட்டப்படி பாத்தா இப்ப மொத்தத்தையும் அழிக்கணும். படுபாவி." திரும்பாமலே, "எடுத்துரு பொண்ணே. எல்லாத்தையும் எடுத்துரு" என்றான்.

"எடுக்கலாம். பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா நீங்க ரெண்டு பேரும் சொல்லணும்."

"கொஞ்சம் இரு," என்றாள் ஹேசல். "எந்தெந்த இடத்துல வருதுன்னு காட்டு."

ஜெம்மா ஒவ்வொரு பாட்டாகக் காட்டினாள். ஹேசலுக்குத் திரையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பாட்டைக் கேட்டுக்கொண்டே ஜெம்மா "இங்க" என்று சொல்லும் இடங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடமான இடங்கள். மாடிக் கதவு திறக்கிற இடம். நான்காவது பாட்டில், தாளம் எல்லாம் நின்று, ஒரே ஒரு சுரம் தனியாக நின்று, பிறகு எல்லாம் ஒன்றாக வந்து விழுகிற இடம். ஆறாவது பாட்டில், கிளைவ் தன் சின்ன வயதுக் கீபோர்டில் குழந்தை மாதிரி தப்பும் தவறுமாக ஒரு மெட்டு வாசிக்கிற இடம். கேட்கிறவனை எழுப்பி நிறுத்தவேண்டும் என்று அவர்கள் கட்டிய இடங்கள் ஒன்று விடாமல். மற்ற இடங்களில் கோடே இல்லை.

"அப்ப அவன் என்ன பண்ணிட்டிருந்தான்?" என்று கேட்டாள்.

யாருக்குத் தெரியும்? அவளும் கிளைவும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்து நெவிலின் முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அது அவனே வகுத்த ஏற்பாடு. பாட்டு முடிந்து திரும்பினால் போர்வைக்குள்ளிருந்து கட்டைவிரல், ஒரு கேலி. அதைத்தான் அவள் இத்தனை மாதமும் நம்பிக்கொண்டிருந்தாள். நெவில் போன பிறகு வீட்டில் அவன் இடத்தில் படுக்க முடியாமல் சோபாவில் படுத்த இரவுகளில், அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்: அவனுக்குப் பயமில்லை, சந்தோஷமாகக் கேட்டான், சந்தோஷமாகப் போனான்.

"சிரிச்சாலும் தாடை அசையும்," என்றாள் மெதுவாக. "முகத்தப் பொத்திக்கிட்டு அழுதாலும் கை காதுகிட்ட போகும். இல்லையா?"

ஜெம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டுக்கும் ஒரே சத்தம்தான் ஹேசல். வித்தியாசம் தெரியாது."

"அவன் அழுவானா? பன்னிப் பய," என்றான் கிளைவ் ஜன்னலிலிருந்து. "அவங்கம்மா செத்தப்பக்கூட பைப் ஆர்கன் சுருதி சேரலன்னு பாதிரியாரோட சண்டை போட்டவன்."

"உனக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது? நீ அவனக் கட்டிக்கறதுக்கு முன்னாடியே எனக்கு..."

"உனக்குத் தெரியாது கிளைவ். எனக்கும் தெரியாது. அதத்தான் சொல்றேன்."

இவ்வளவு நாளும் ஒரே பேச்சாக இருந்த இருவர்தான். சேர்ந்து நெவிலின் சவப்பெட்டியைத் தூக்கினார்கள், சேர்ந்து சாம்பலை வாங்கி வந்தார்கள், சேர்ந்து சர்ச் சாவியை ஒப்படைத்தார்கள். இப்போது கிளைவ் வந்து சோபாவின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தபோது நடுவில் இன்னொரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தான்.

"நான் சொல்றத கேளு," என்றான். "இதக் கேக்கறவங்கள்ல பாதிப் பேரு சின்னப் பசங்க. அவங்களுக்குக் கேக்கும். நம்ம ஆளுங்களப் பத்தி உனக்குத் தெரியாதா? எந்தக் குமிழ எவ்வளவு திருப்பினோம்னு இன்னிக்கும் சண்டை போடறவனுங்க. ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிருவானுங்க, இது இன்னது, இன்னார் காதுலேர்ந்து வந்ததுன்னு. அவன் அவ்வளவு கஷ்டப்பட்டு மறைச்சான் ஹேசல்."

"இந்த ஆல்பத்துல அவன் ஒரு சுரம் வாசிக்கல. அவன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

"தெரியும்."

"எனக்கு அது கேக்கக்கூட மாட்டேங்குது."

கிளைவ் கையை நீட்டினான். அவளுடைய ஆறிப்போன தேநீரை எடுத்துத் தானே குடித்தான். தன்னுடையதில் பிஸ்கட் சேறாகக் கிடந்தது.

ஹேசல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துக்கொண்டால் அவன் இருப்பான், ஆனால் வெட்டவெளியில், தொப்பியில்லாமல் இருப்பான். எடுத்துவிட்டால் மானம் நிற்கும், அவன் இருக்கமாட்டான். கேட்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள், எழுந்து நின்று ஆடுவார்கள், அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் ஒரு நாற்காலி இருந்தது என்றே யாருக்கும் தெரியாது. அப்படியும் இப்படியும் எவ்வளவு நேரம் அல்லாடினாளோ. கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எடுத்துடு ஜெம்மா. அவன் தொப்பிய யாரும் கழட்ட வேணாம்."

ஜெம்மா வேலையைத் தொடங்கினாள். சுத்தமான கை. கோட்டின்மேல் அடையாளம் வைப்பாள், ஒரு விசையைத் தட்டுவாள், கோடு இருந்த இடத்தில் கறுப்பு மட்டும் இருக்கும். பாட்டை ஓட்டிக் கேட்பாள், தலையாட்டுவாள், அடுத்ததுக்குப் போவாள். ஹேசலுக்கு எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் கேட்டது. அதுதான் அவளைப் போட்டு அரித்தது. தன் புருஷனை ஒரு இடத்திலிருந்து வழித்தெடுக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தனக்கு அது உறைக்கவே இல்லை.

"எடுத்தத என்ன பண்ணுவே?" என்று கேட்டாள்.

"தனியா வச்சிருக்கேன். தூக்கிப் போடல." ஜெம்மா நாற்காலியைத் திருப்பினாள். "நீங்க கேக்கணும்னா, கீழ இறக்கித் தரலாம். உச்சத்துல இருக்கறத உங்க காதுக்கு எட்டற அளவுக்கு. நெஜச் சத்தமா இருக்காது, ஆனா எங்க வருது, எவ்வளவு நேரம் வருதுன்னு கேக்கும்."

கிளைவைப் பார்த்தாள் ஹேசல். அவன் தோளைக் குலுக்கினான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பாட்டு இல்லாமல் எடுத்தது மட்டும் ஓடியது. முதலில் ஒன்றுமே இல்லை. வெறும் மௌனம், நீள நீளமாக. பிறகு எங்கிருந்தோ ஒரு சின்ன முனகல், தூரத்தில் புறா கத்துகிற மாதிரி, வந்து நின்றது. மறுபடி மௌனம். மறுபடி அது. பாட்டைக் கழித்துவிட்ட அந்த வெறுமையில் ஹேசல் பாட்டைத் தன் மனத்துக்குள் ஓட்டிக்கொண்டாள். மாடிப்படி ஏறுகிறது, ஏறுகிறது, கதவு, இதோ. முனகல் சரியாக வந்தது. அவள் வாசித்ததற்கு அவன் பதில் சொன்ன மாதிரி இருந்தது. என்ன பதில் என்றுதான் தெரியவில்லை. கிளைவின் மெட்டு வருகிற இடத்தில் முனகல் விட்டு விட்டு, துள்ளித் துள்ளி வந்தது. "சிரிக்கிறான்," என்றான் கிளைவ், தரையைப் பார்த்தபடி. "நான் தப்பா வாசிச்சதுக்குச் சிரிக்கிறான், நாயி." அப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஹேசலும் எண்ணிக்கொண்டாள். அப்படியே இருக்கட்டும் என்றும் எண்ணிக்கொண்டாள்.

கடைசிப் பாட்டுக்கு வந்தார்கள். அதில் ஓரிரண்டு முனகல்கள்தான். பாட்டு முடிந்து ஓய்கிற இடமும் வந்தது. ஜெம்மா நிறுத்தப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். "இன்னும் ஒண்ணு இருக்கு. பாட்டெல்லாம் முடிஞ்ச பிறகு, சத்தம் அடங்கறப்ப. இத நான் இப்பத்தான் பாக்கறேன், இன்னும் எடுக்கல. இதையும் இறக்கிப் போடறேன்."

அது வந்தது. மற்றவையெல்லாம் வந்த வேகத்தில் போயின, இது போகவில்லை. ஒரே இழுவையாக, ஆடாமல் அசையாமல், நீண்டுகொண்டே இருந்தது. கிளைவ் நிமிர்ந்து பார்த்தான். "இவன் என்ன இவ்வளவு நேரம்..." என்று தொடங்கினான்.

ஹேசலுக்கு மட்டும் தெரிந்தது. அன்று சர்ச்சில் அவள் கடைசிச் சுரத்தை அழுத்திவிட்டுக் கை எடுத்த நிமிஷம், கூடத்தில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. முழுக்க அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. அவளால் நிற்க முடியவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, கல்தரையில் வெறும் காலுறையோடு போய், நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, போர்வையோடு சேர்த்து அவனைக் கட்டிக்கொண்டாள். தன் கன்னத்தை அவன் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள், தொப்பி ஒருபக்கமாக ஒதுங்கிப்போகும்படி. கிளைவ் சுவரைப் பார்த்து நின்றிருந்தான், பார்க்கவில்லை. மைக்குகள் திறந்திருந்தன. நெவில் அவளைத் தள்ளவில்லை. பதிவு கெட்டுவிடும் என்று விரலைக் காட்டவில்லை. கூடத்தில் கடைசிச் சத்தம் எல்லாம் தீர்ந்து, மழை மட்டும் கேட்கும்வரை அப்படியே அவள்மேல் சாய்ந்திருந்தான்.

அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

முனகல் நின்றது. ஜெம்மா கேட்டாள், "இதையும் எடுக்கணுமா ஹேசல்? பாட்டு முடிஞ்ச பிறகுதான் வருது. அதுக்கு முன்னாடியே நிறுத்திடலாம். இல்ல, விட்டும் வைக்கலாம். எடுக்காததுல இது ஒண்ணுதான் பாக்கி."

கிளைவ் ஹேசலின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.

"கீழ இறக்காம, இருக்கற மாதிரியே ஒருதடவை போடு," என்றாள் ஹேசல். "பாட்டோட."

"உங்களுக்குக் கேக்காதே."

"பரவால்ல. போடு."

ஜெம்மா போட்டாள். கடைசிச் சுரம் எழுந்தது, கூடம் முழுக்கப் பரவியது, சன்னஞ்சன்னமாகத் தேய்ந்தது. ஹேசல் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, திரையையும் பார்க்கவில்லை. சோபாவிலிருந்து எழுந்து, அங்கே கிடந்த ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, ஜெம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தாள். விசில் காதில் பட்டதும் அந்தப் பெண்ணின் புருவங்களுக்கு நடுவே மெல்லிய ஒரு சுருக்கம் விழுந்தது. விழுந்து, அங்கேயே நின்றது. மூச்சை அடக்கிக்கொண்டு, அது அவிழும்வரை, ஹேசல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.